பத்து மாத அட்வான்ஸ்

பிளாட் 302, புனே
20.6.2025

திருமதி ஜெகதாம்பாள் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் மோகனப்பிரியா. சென்னீர்குப்பத்தில் நீங்கள் குடியிருக்கும் வீட்டை, முன்போர்ஷன் பின்போர்ஷன் இரண்டையும் சேர்த்து, திரு. கலியமூர்த்தியிடமிருந்து நான் வாங்கியிருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி பத்திரப்பதிவு முடிந்தது. அன்று சாயங்காலமே உங்களைப் பார்க்க வந்தேன். உங்கள் மாவுக் கடை பூட்டியிருந்தது. நீங்கள் பூந்தமல்லிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கு அன்றைக்கே ரயில் என்பதால் காத்திருக்க முடியவில்லை. பிறகு பலமுறை போன் செய்தும் நீங்கள் எடுக்காததால் இதை எழுதுகிறேன்.

நான் கரூர்க்காரி. புனேயில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. தனியாகத்தான் இருக்கிறேன். இது நான் வாங்கும் முதல் வீடு. குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. அதனால் எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே எழுத்தில் வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது என்று நினைக்கிறேன்.

ஜூலையிலிருந்து வாடகையை என் வங்கிக் கணக்கில் போட வேண்டும். நீங்கள் இப்போது பன்னிரண்டாயிரம் கொடுப்பதாக அறிகிறேன். கடையும் வீடும் சேர்ந்த இடத்துக்கு அது குறைவு. ஆகவே பதின்மூவாயிரத்து ஐந்நூறாக உயர்த்தியிருக்கிறேன். காலி செய்வதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்காக ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும். இவையெல்லாம் அடங்கிய ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைத் திருப்பி அனுப்பவும்.

கலியமூர்த்தி குடியிருந்த பின்போர்ஷனின் சாவி உங்களிடம் இருப்பதாகச் சொன்னார். புரோக்கர் பாஸ்கரன் ஆட்களை அழைத்துவருவார். திறந்து காட்டி உதவுங்கள். ஜூலைக்குள் அங்கே ஒரு குடும்பத்தை வைத்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
மோகனப்பிரியா


சென்னீர்குப்பம்
28.6.2025

வீட்டு ஓனர் அவர்களுக்கு,

ஜெகதாம்பாள் எழுதுவது. ரிஜிஸ்டர் தபால் என்று தபால்காரர் கையெழுத்துக் கேட்டபோது, போடலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் போட்டேன். எங்கள் வீட்டுக்கு அப்படித் தபால் வந்தால் ஒன்று கோர்ட், இல்லை பேங்க். பிரித்துப் பார்த்தால் நீங்கள். முதலில் வீடு வாங்கியதற்கு வாழ்த்துகள். ஒண்டிப் பெண்ணாக நின்று வாங்கியிருக்கிறீர்கள், அது லேசுப்பட்ட காரியம் இல்லை. இதை மனசாரத்தான் சொல்கிறேன். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு இதைச் சந்தேகப்படாதீர்கள்.

போன் விஷயம். தெரியாத நம்பரை எடுத்தால் ஒரு பெண் "மேடம், லோன் வேணுமா" என்று கேட்கும். உங்களையும் அந்தப் பெண் என்றுதான் நினைத்தேன். இனிமேலும் எழுதிக்கொள்வோம். பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். அப்புறம் கத்தியதுதான் மிஞ்சும், சொன்ன விஷயம் நிற்காது.

பதினோரு வருஷமாக இந்த முன்போர்ஷனில் இருக்கிறேன். முன்னறையில் மூன்று கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறேன். என் கணவர் தட்சிணாமூர்த்தி குமணன்சாவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நீங்கள் வந்த அன்றைக்குக் கடை பூட்டியிருந்ததே, ஏன் தெரியுமா? பூந்தமல்லியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், மெயின் ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு கடை கிடைத்திருக்கிறது. மேலேயே வீடு. மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டால் வாடகை ஏறி, அந்தப் பக்கம் நாங்கள் எட்டிப்பார்க்கக்கூட முடியாது. சந்துக்குள் அரைத்துச் சந்துக்குள்ளேயே விற்றுக்கொண்டிருக்கிறவளுக்கு ரோட்டுக் கடை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அன்றைக்கு இருபதாயிரம் டோக்கன் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகையால் நான் காலி செய்கிறேன். இதையே நோட்டீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் ஆவணி முதல் முகூர்த்தம் வரை அந்தக் கடைக்காரர் டைம் கொடுத்திருக்கிறார். அதற்குள் மீதி அட்வான்ஸை வைக்காவிட்டால் டோக்கனும் போச்சு, கடையும் போச்சு.

உங்கள் ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தேன். வாடகை இருக்கிறது, பெயிண்ட் இருக்கிறது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றுகூட இருக்கிறது. நான் கொடுத்த பத்து மாத அட்வான்ஸ், ஒரு லட்சத்து இருபதாயிரம், அது மட்டும் எங்கேயும் இல்லை. கலியமூர்த்தியிடம் கேட்டேன். "அட்வான்ஸா? அது ஊட்டோட சேந்து அந்தப் பொண்ணுகிட்ட போயிடுச்சும்மா. இனிமே நீ அங்கதான் கேக்கணும்" என்றார். அதனால் கேட்கிறேன். பணம் உங்களிடம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. போகிறவளுக்கு எதற்கு?

ஜெகதாம்பாள்


பிளாட் 302, புனே
5.7.2025

திருமதி ஜெகதாம்பாள் அவர்களுக்கு,

அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. உங்கள் அட்வான்ஸ் என்னிடம் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே கலியமூர்த்தியிடம் பேசினேன். "அதெல்லாம் வெலையிலயே தள்ளிட்டேனேம்மா, மறந்துட்டியா?" என்றார். மறக்கவில்லை. விலை பேசிய நாட்களில் அட்வான்ஸ் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. குடியிருப்பவர்களோடு வீட்டை விற்கும்போது அவர்கள் அட்வான்ஸை விலையில் கழிப்பதோ, வாங்குபவர் கையில் கொடுப்பதோதான் வழக்கம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லி இப்போதுதான் தெரிந்துகொண்டேன். பட்டா பார்த்தேன், வில்லங்கம் பார்த்தேன், வரி ரசீது பார்த்தேன். இதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஆனாலும் அந்தப் பணத்தை நீங்கள் கொடுத்தது அவரிடம். வாங்கியது அவர். பத்திரத்திலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகவே நீங்கள் அவரிடம் கேட்பதுதான் முறை என்று சொல்கிறார்கள். அவருடைய மகன் வீட்டு ஓசூர் முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன். என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.

ஜூலை வாடகை இன்னும் வரவில்லை. பழைய வாடகையே போதும். பத்தாம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். எனக்கு அன்றுதான் வங்கித் தவணை.

மோகனப்பிரியா


சென்னீர்குப்பம்
12.7.2025

ஓனர் அவர்களுக்கு,

வீட்டுப் பத்திரம் உங்களிடம் வந்துவிட்டது. வாடகை உங்களிடம் வர வேண்டும். பெயிண்டுக்குப் பிடிக்கிற உரிமைகூட உங்களிடம் வந்துவிட்டது. என் அட்வான்ஸ் மட்டும் கலியமூர்த்தியோடு ஓசூருக்குப் போய்விட்டதா? நன்றாக இருக்கிறது உங்கள் முறை.

நீங்கள் கொடுத்த முகவரிக்கு என் கணவரை அனுப்பினேன். சட்டையைப் பிடித்துக் கேட்டுவிட்டு வா என்றுதான் அனுப்பினேன். போனவர் அங்கே வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறார். "இன்னா பண்றது, பெரிய மனுசன் எல போட்டு உக்கார வெச்சிட்டாரு. எந்திரிக்கவா முடியும்?" என்கிறார். அட்வான்ஸைப் பற்றிக் கேட்டதற்கு "வெலையில தள்ளிட்டேன்பா" என்று அதே பாட்டுதான். என் பணத்தில் பாயசம் குடித்துவிட்டு வந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆக, இனிமேல் இப்படி. நான் வாடகை தர மாட்டேன். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள். எல்லா ஊரிலும் காலி செய்கிறவர்கள் செய்வதுதான். கழித்தது போக மீதியை ஆவணிக்குள் கொடுக்காவிட்டால் நான் காலி செய்ய மாட்டேன். எனக்குக் கடை போனால் உங்களுக்கு வீடு கிடைக்காது. நான் கெட்டவள் இல்லை. ஆனால் இளிச்சவாயும் இல்லை.

பாஸ்கரன் பின்போர்ஷனைப் பார்க்க இரண்டு பேரைக் கூட்டிவந்தான். திறந்து காட்டினேன். பிடிக்கவில்லை என்று போய்விட்டார்கள்.

ஜெகதாம்பாள்


பிளாட் 302, புனே
24.7.2025

ஜெகதாம்பாள் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன். என் நிலைமையைச் சொல்லாமல் சட்டம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது எனக்கே பிடிக்கவில்லை.

என் தவணை மாதம் முப்பத்து நான்காயிரம். இரண்டு போர்ஷன் வாடகையும் முழுசாக வந்தால் இருபத்திரண்டாயிரம் வரும், மீதியை என் சம்பளத்திலிருந்து போட வேண்டும் என்பது திட்டம். வாடகை வீடு வாங்குகிறவள் கையில் ஆறு மாதத் தவணையைத் தொடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று படித்தேன், அதன்படி வைத்துமிருந்தேன். இரண்டு லட்சம். அதைச் சேர்க்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

பத்திரப்பதிவு அன்று ஆபீஸ் வாசலில் வைத்து கலியமூர்த்தி சொன்னார்: "இன்னொரு பார்ட்டி ரெண்டு லட்சம் சேத்துத் தரேன்றான்மா. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு." அதற்கு முன்பே மூன்று லட்சம் டோக்கன் கொடுத்திருந்தேன். அது போய்விடும் என்று பயந்தேன். ரயிலுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்று அந்த இரண்டு லட்சத்தை மாற்றிவிட்டேன். வெளியே வந்தபோது என் பெயரில் ஒரு வீடு இருந்தது. கணக்கில் ஒன்பதாயிரம் இருந்தது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்போர்ஷனுக்கு ஜூலையில் ஆள் வந்துவிடும், அந்த அட்வான்ஸ் கையில் இருக்கும், சமாளித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆடியை மறந்துவிட்டேன். நானும் கரூரில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் என் எக்செல் தாளில் ஜூலை இருந்தது, ஆகஸ்ட் இருந்தது. ஆடி என்று ஒரு மாதம் அதில் இல்லை.

உங்கள் வாடகை வராததால் இந்த மாதத் தவணைக்குச் செயினை அடகு வைத்தேன். இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். பாஸ்கரன் மூன்றாவதாக ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்தாராம். ஆவணியில் குடிவரத் தயாராக இருந்தார்களாம். பார்த்துவிட்டு அவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அங்கே தண்ணீரே வராது என்று யாரோ சொல்வதாகப் பாஸ்கரன் சொல்கிறார். மோட்டார் நன்றாகத்தானே ஓடுகிறது? மூன்று கிரைண்டர் கழுவுகிற உங்களுக்குத் தண்ணீர் வருகிறதே?

பின்போர்ஷனுக்கு வருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸைத்தான் உங்களுக்குக் கொடுப்பதாக இருக்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மோகனப்பிரியா


சென்னீர்குப்பம்
2.8.2025

மோகனப்பிரியா அவர்களுக்கு,

தண்ணீர் நன்றாக வருகிறது. யாரோ இல்லை, நான்தான் சொன்னேன்.

முதலில் வந்தவர்களிடம் மோட்டார் புகைந்துவிட்டது என்றேன். இரண்டாவதாக வந்தவரிடம் மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், போன வருஷம் சாரைப்பாம்பு வந்தது என்றேன். மூன்றாவதாக வந்தது ஒரு சின்னஞ்சிறுசு ஜோடி. பையன் பெயர் லோகேஷ், மண்ணூர்பேட்டையில் ஏதோ கம்பெனியில் வேலை. அந்தப் பெண் திவ்யாவுக்கு ஐந்து மாதம். வீடு அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தொட்டில் எங்கே கட்டலாம் என்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளிடம் என் கிரைண்டர் சத்தத்தில் பிள்ளை தூங்காது என்றேன். ஆவணியில் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறவள் நான். வாய் கூசாமல் சொன்னேன். எனக்குப் பணம் வருகிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் விளக்கேற்றக் கூடாது என்று ஒரு வீம்பு.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி, காயிதத்தக் கையில வெச்சிக்கினு செல மாரி குந்திகினு கீற?" என்றார். படித்துக் காட்டினேன். "அப்போ நீ தொரத்துன ஆளுங்க குடுக்க வேண்டிய துட்டுதான் உனுக்கு வரவேண்டிய துட்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். நான் துரத்தும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பாம்புக்கு நீளம் எவ்வளவு என்று கையை விரித்துக் காட்டியவர் அவர்தான். இப்போது சிரிப்பு.

மூன்று லட்சம் டோக்கனுக்குப் பயந்து இரண்டு லட்சம் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இருபதாயிரம்தான். ஆனால் அதே பயம்தான். நேற்றுக் கடைக்காரர் போன் செய்தார். வேறு ஒருத்தர் பேக்கரி வைக்கக் கேட்கிறாராம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மேல் ஒரு நாள்கூடத் தர மாட்டாராம். இனிமேல் ஆள் தேடிப் பிடித்து, அவர்கள் பணம் புரட்டி, உங்களுக்கு வந்து, எனக்கு வருவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். இது நானே என் தலையில் போட்டுக்கொண்ட மண். உங்களைக் கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். எனக்கு அந்தக் கடை வேண்டும். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

என் வங்கிக் கணக்கு எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடுங்கள். மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

ஜெகதாம்பாள்


அறை 14, லேடீஸ் ஹாஸ்டல், புனே
14.8.2025

ஜெகதாம்பாள் அவர்களுக்கு,

இன்று காலை உங்கள் கணக்குக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் அனுப்பியிருக்கிறேன். வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டிங்குக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் தராத வாடகையையும் இதில் கழிக்கவில்லை. அட்வான்ஸ் வேறு, வாடகை வேறு. முழுசாகக் கொடுத்தால்தான் கொடுத்ததாக ஆகும் என்று தோன்றியது.

கலியமூர்த்தியிடம் இனி நீங்கள் கேட்க வேண்டாம், உங்கள் கணவரையும் அனுப்ப வேண்டாம். அவரிடம் வாங்க வேண்டியவள் நான். அது இனி எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம். வாங்க முடியாமல் போனால் வீட்டின் விலை அவ்வளவுதான் கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

சாரைப்பாம்பு விஷயம் படித்து முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் உங்களுக்குப் பதிலே எழுதக் கூடாது என்று இருந்தேன். பிறகு அந்தப் பத்திர ஆபீஸ் வாசல் ஞாபகம் வந்தது. டோக்கன் போய்விடும் என்ற பயத்தில் ஒருவர் என்னவெல்லாம் செய்வார் என்று எனக்குத் தெரியும்.

முகூர்த்தம் தவற வேண்டாம்.

மோகனப்பிரியா


பூந்தமல்லி
24.8.2025

மோகனாவுக்கு,

பணம் வந்தது. மறுநாளே கடைக்காரர் கையில் வைத்து ரசீது வாங்கிவிட்டேன். பால் காய்ச்சியாயிற்று. இந்தக் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரில் பஸ் போகிறது. காலையிலேயே நாற்பது பாக்கெட் போய்விட்டது. சந்துக்குள் ஒரு நாள் முழுக்க விற்றாலும் அவ்வளவு போகாது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

இப்போது நீ ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்த அன்றைக்குப் பணம் வந்த சந்தோஷத்தில் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. இன்றைக்குப் பதில் எழுத முகவரியைப் பார்த்தால் பிளாட் 302 இல்லை. ஹாஸ்டல், அறை 14 என்று இருக்கிறது. என் கணவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு இருந்த ஊட்டக் காலி பண்ணி, அந்த அட்வான்ஸ நம்மகிட்ட குடுத்துட்டு, ஆஸ்டல்ல போயி படுத்துகினு கீது" என்றார். அப்படித்தானா? அப்படித்தான் என்று எனக்கும் தெரிகிறது. ஒரு வார்த்தை எழுதினாயா நீ? எழுதியிருந்தால் நான் வாங்கியிருப்பேனா என்று கேட்காதே. வாங்கியிருப்பேன். கடை வேண்டுமே. ஆனால் வாங்கும்போது தெரிந்து வாங்கியிருப்பேன். அது வேறு. எனக்கு மனசு ஆறவில்லை.

அங்கே உனக்குப் பெயிண்டுக்குப் பிடித்தார்களா?

ஜூலை, ஆகஸ்ட் வாடகை இருபத்து நான்காயிரம் இன்றைக்கு உன் கணக்கில் போட்டுவிட்டேன். மாதம் பன்னிரண்டாயிரம்தான். பதின்மூவாயிரத்து ஐந்நூறு போட்ட ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

முன்போர்ஷனுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டோம். என் கணவர்தான் அடித்தார். வாங்கிய டப்பா மூன்று சுவருக்கு வந்தது, மீதிக்கு வேறு டப்பா. ஆகையால் ஒரு சுவர் கொஞ்சம் வேறு பச்சையாக இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. எவ்வளவு கழுவியும் மாவு வாசனை போகவில்லை, வருகிறவர்களிடம் அதை முன்பே சொல்லிவிடு.

லோகேஷ், திவ்யாவைக் கண்டுபிடித்துவிட்டேன். பாஸ்கரன் அவர்கள் நம்பரைத் தொலைத்துவிட்டான். நானே மண்ணூர்பேட்டைக்குப் போய், ஷிப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி கம்பெனியாக வாசலில் நின்றேன். மூன்றாவது நாள் அந்தப் பையன் வந்தான். என்னைப் பார்த்ததும் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் ஒதுங்கினான். கிரைண்டர் போய்விட்டது, பாம்பு என்று ஒன்றும் கிடையாது, மற்றவர்களிடம் சொன்னதும் பொய், தண்ணீர் கொட்டுகிறது என்று அத்தனையும் சொன்னேன். "இன்னா ஆன்ட்டி, அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க?" என்றான். அன்றைக்குச் சொன்னதற்கு நான்கு பாக்கெட் மாவு கொடுத்தேன். அடுத்த வாரம் குடிவருகிறார்கள். வாடகை பத்தாயிரம். எட்டு மாத அட்வான்ஸ்தான் முடியும் என்றார்கள், பிரசவச் செலவு இருக்கிறது. நான் சரி என்றுவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு வேண்டுமானால் திட்டு. எண்பதாயிரத்தை நேராக உன் கணக்கில் போடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு உடனே ரசீது அனுப்பு.

அது வந்ததும் ஹாஸ்டலை விட்டு முதலில் ஒரு நல்ல வீடாகப் பார். முன்போர்ஷனுக்கும் ஆள் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜெகதாம்பாள்


அறை 14, லேடீஸ் ஹாஸ்டல், புனே
1.9.2025

ஜெகதாம்பாள் அக்காவுக்கு,

ஆமாம், அப்படித்தான். கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி வீடு தேடிக்கொண்டிருந்தாள். என் பிளாட்டை அப்படியே எடுத்துக்கொண்டாள். அதனால் அட்வான்ஸ் ஒரே வாரத்தில் கைக்கு வந்தது. குறைந்ததற்குச் சம்பளத்தைச் சேர்த்தேன். சொல்லாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுக்காரி ஆன இரண்டே மாதத்தில் ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்று எழுதக் கூச்சமாக இருந்தது.

பெயிண்டுக்குப் பிடித்தார்கள். பதினைந்தாயிரம். ஐந்து வருடத்தில் நான் ஒரு ஆணிகூட அடிக்காத சுவர். அந்தப் பணத்தைக் கழித்துக்கொண்டு அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான், உங்களுக்கு அனுப்பிய ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. அந்த வரியை எடுத்துவிட்டேன். லோகேஷுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் அது இல்லை. ஆணியும் அடித்துக்கொள்ளலாம். தொட்டில் கட்ட வேண்டுமே.

வாடகை வந்தது. பன்னிரண்டாயிரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செயினை மீட்டுவிட்டேன். முன்போர்ஷனுக்கு யாராவது வந்து பார்த்தால் சுவரில் இருக்கிற இரண்டு பச்சையையும் பகலிலேயே காட்டிவிடுங்கள்.

நேற்று அவர்கள் எண்பதாயிரத்தைப் போட்டார்கள். உடனே ரசீது அனுப்பிவிட்டேன். கணக்கில் அதைப் பார்த்ததும் எனக்கு நீங்கள் சொன்னதுதான் தோன்றியது. நல்ல வீடு ஒன்று, இதே தெருவிலேயே, இரண்டாவது மாடியில் காலியாக இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். ஜன்னல் பெரியது. சமையலறைகூட எனக்குப் பிடித்துவிட்டது. அட்வான்ஸ் எழுபத்தைந்தாயிரம் கேட்கிறார்கள்.

திரும்பி வந்து ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். அக்கா, கலியமூர்த்தியும் உங்கள் பணத்தை ஒரு நாள் இப்படித்தான் எடுத்திருப்பார். திருடுவதாக நினைத்திருக்க மாட்டார். எனக்கு இங்கே வாடகை குறைவு. மிச்சப்படுவதைப் போட்டு அந்த ஆறு மாதத் தவணையை மறுபடி சேர்க்கப் போகிறேன். அது சேர்கிற வரைக்கும் இங்கேயே இருப்பேன். சாப்பாடு சுமார்தான், ஆனால் இருக்கலாம்.

அந்த எண்பதாயிரத்துக்கு மட்டும் வங்கியில் தனியாக ஒரு கணக்குத் திறந்தேன். கணக்குக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லி போனில் வங்கி ஆப் கேட்டது. வீடு, சேமிப்பு, அவசரம் என்று அதுவே சில பெயர்களைக் காட்டியது. எதுவும் சரியாக இல்லை. 'லோகேஷ், திவ்யா' என்று வைத்தேன்.

மோகனா